பெயர் எழுத இடமில்லாத படம்

புவனகிரி கடைத்தெருவில் உரக்கடை வைத்திருக்கும் கோவிந்தசாமிக்குத் தம் பெயரின்மீது இருந்த பற்றை வெறும் தற்பெருமை என்று ஒதுக்கிவிட முடியாது. கொடுத்த பொருளில் கொடுத்தவர் பெயர் இருக்க வேண்டும் என்பது அவரைப் பொறுத்தவரை நாணயத்தோடு சேர்ந்த ஒழுக்கம். அம்மன் கோயிலுக்கு அவர் வாங்கிப் போட்ட குழல்விளக்கில் 'உபயம்' என்று தொடங்கி, கடைப் பெயர், உரிமையாளர் பெயர், செல் நம்பர் என அனைத்தும் சிவப்பு எழுத்தில் இடம்பெற்றிருந்தமையால், வெளிச்சம் எழுத்துகளின் இடுக்கு வழியே சற்றுச் சிரமப்பட்டுத்தான் வெளியே வந்தது.

ஒரே ஒருமுறை அவர் அந்த ஒழுக்கத்திலிருந்து வழுவினார். அக்காள் மகள் வெண்மதியின் திருமணத்துக்குத் தாய்மாமன் சீராக ஃபிரிட்ஜ் வாங்கினார். அதன் கதவில் பெயர் எழுத ஆள் கூப்பிடப் போனவரை மனைவி மங்கலம் தடுத்துவிட்டாள். விளைவு என்னவென்றால், அந்த ஃபிரிட்ஜ் மாப்பிள்ளையின் பெரியப்பா பொன்னுரங்கம் வாங்கிக் கொடுத்தது என்றே மூன்றாண்டுகளாக உறவினரிடையே வழங்கிவந்தது. பொன்னுரங்கம் அதை மறுத்ததாகவும் தகவல் இல்லை.

ஆகவே 2011 தை மாதத்தில், சிதம்பரத்தில் கட்டிய புதுவீட்டுக்கு வெண்மதி குடிபோகும் நாளில், தாம் தருவது எதுவாயினும் அதில் தம் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்று அவர் உறுதிபூண்டிருந்தார். இரண்டடி உயரக் குத்துவிளக்கை மனத்தில் வைத்திருந்தார். அதன் அடித்தட்டில் பெயர் வெட்டத் தோதான இடம் உண்டு. கல்லூரியில் பாடம் நடத்தும் வெண்மதி தொலைபேசியில் அந்தத் திட்டத்தைக் கலைத்தாள். விளக்குகள் ஏற்கெனவே நான்கு சேர்ந்துவிட்டன. கூடத்துச் சுவருக்கு ஒரு படம்தான் வேண்டும். கடலூர் முதுநகரில் அர்ஃபா என்ற பெண் வாட்டர்கலரில் வரைகிறாள். அவள் வரைந்த வயல் படம் ஒன்றைக் கண்காட்சியில் பார்த்ததிலிருந்து அதே நினைவாக இருக்கிறது என்றாள். கடைசியாக ஓர் எச்சரிக்கையும் விடுத்தாள்.

"ஒரிஜினலா வாங்குங்க மாமா. பிரிண்ட்ட வாங்கியாந்துடாதீங்க."

உரக்கடைக்காரரிடம் அசல், போலி பற்றிச் சொல்ல வேண்டியதில்லை என்று கோவிந்தசாமி பதிலளித்தார்.

முதுநகரில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. பெயர்ப்பலகை எதுவும் இல்லாமல் ஒருவர் வியாபாரம் செய்வதே அவருக்கு முதல் அதிர்ச்சி. மாடி அறையில், சன்னலையொட்டிப் போட்ட மேசையில் அர்ஃபா வேலை செய்துகொண்டிருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். புதுச்சேரியில் விளம்பர நிறுவனமொன்றில் பார்த்த வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடமாகத் தன் படங்களைத் தானே விற்றுவருவதாகச் சொன்னாள். வயல் படத்தையும் அதன் பிரிண்ட் ஒன்றையும் எடுத்து அருகருகே வைத்தாள்.

நடவு நடக்கும் வயல். ஒருபுறம் ஏழெட்டுப் பெண்கள் குனிந்து நின்றார்கள். வானத்தில் கொக்குகள் ஒரு வரிசை. நடுவே, இன்னும் நடாத பகுதி முழுவதும் வண்ணமே படாத வெறும் தாள்.

கோவிந்தசாமி இரண்டையும் விதைநெல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிரிண்ட் வழவழவென்று சுத்தமாக இருந்தது. மூலத்திலோ பென்சில் கோடு தெரிந்தது. ஓரத்தில் தாள் லேசாக அலையோடியிருந்தது. பிரிண்ட் அறுநூறு, மூலம் ஏழாயிரம் என்று கேட்டதும், விலைச்சீட்டு இடம் மாறிவிட்டதோ என்று அவருக்கு ஐயம் எழுந்தது. எத்தனை பிரிண்ட் எடுத்திருக்கிறாள் என்று விசாரித்தார். இருபத்தைந்து, அதற்குமேல் எடுப்பதில்லை என்றாள்.

"இருபத்தஞ்சு எடுத்தாச்சா? அப்புறம் இதுல என்னாம்மா சத்து இருக்கும்?"

அர்ஃபாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எத்தனை பிரதி எடுத்தாலும் மூலத்திலிருந்து எதுவும் குறையாது என்றும், தூரிகை உண்மையில் தொட்டது இந்த ஒரு தாளைத்தான் என்றும் பொறுமையாக விளக்கினாள். ஒரே நிலத்தில் இருபத்தைந்து போகம் எடுத்தபின் அதில் சத்து எப்படி மிஞ்சுமோ என்ற ஐயம் கோவிந்தசாமிக்குத் தீரவில்லையாயினும், வெண்மதியின் எச்சரிக்கை காதில் இருந்தது. மூலத்தையே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, நெடுநேரம் ஒத்திப்போட்ட காரியத்துக்கு வந்தார். நடுவில் தரிசாகக் கிடக்கும் இந்த இடத்தில், அன்பளிப்பு என்று போட்டுத் தம் பெயரைக் கொஞ்சம் எழுதித் தர முடியுமா? நல்ல சிவப்பில் இருந்தால் நலம்.

அர்ஃபா அவரைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள்.

"அது சும்மா விட்ட எடமில்ல சார். அதுதான் வெளிச்சம். வாட்டர்கலர்ல நான் வெள்ளை கலர் வெக்கிறதில்ல. பேப்பரத்தான் வெள்ளையா விட்டு வெப்பேன்."

"கீழ ஓரத்துல உங்க பேரு மட்டும் இருக்கே."

"வரைஞ்சது நான்தானே சார்."

"குடுக்குறது நானாச்சே."

இந்த வாதத்தில் நியாயம் இருபுறமும் இருந்தது. பிறகு அவள் ஒரு வழி சொன்னாள். படத்தின் பின்புறத்தில், யார் யாருக்குக் கொடுத்தது, எந்த நாளில், எந்தக் காரியத்துக்கு என்பதையெல்லாம் தன் கைப்பட எழுதித் தருவாள்.

"பின்பக்கத்த பல்லிதாம்மா படிக்கும்" என்றார் கோவிந்தசாமி.

ஆனாலும் எழுதி வாங்கிக்கொண்டார். இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டிக்கொடுத்தபோது, படத்தில் யாரையும் எதையும் எழுத விடவேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். அவர் தலையாட்டினார். சிதம்பரம் போகும் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு அந்த உண்மை புலப்பட்டது: படத்தில்தானே எழுதக்கூடாது, மேலே போடும் கண்ணாடி அவள் வரைந்ததல்லவே.

சிதம்பரத்தில் மேலவீதிக்கு உட்புறச் சந்தில் கண்ணாடிச் சட்டம் போடும் அந்தோணிசாமி அவருக்குப் பல வருடப் பழக்கம். மாதாவுக்கும் முருகனுக்கும் ஒரே அக்கறையோடு சட்டம் போடுபவர். ஓய்ந்த நேரத்தில் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டுவார். 'அன்பளிப்பு: தாய்மாமன் கோவிந்தசாமி – மங்கலம், உரக்கடை, புவனகிரி' என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒன்று தயாராயிற்று. இனி ஒட்ட வேண்டியதுதான். எங்கே ஒட்டுவது என்பதே கேள்வி.

அந்தோணிசாமி பின்தாளை உரிக்காமல் கண்ணாடியின் மேல்புறத்தில் வைத்துக் காட்டினார். கொக்குகள் அனைத்தும் பெயருக்குள் புகுந்து மறைந்தன. கீழே இறக்கினார். நடவுப் பெண்களின் கால்கள் போய்விட்டன. எல்லாரும் பெயர்ப்பலகையின்மேல் வரிசையாகக் குந்தியிருப்பதுபோல் இருந்தது. சட்டத்தில் ஒட்டலாமென்றால் அது விரலகலம்தான். கோவிந்தசாமி, தாம் முதலிலிருந்தே சொல்லிவந்த இடத்தைச் சுட்டினார். அந்தோணிசாமி ஸ்டிக்கரை நடுவிலிருந்த வெண்மையின் குறுக்கே வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

"என்னா இருந்தாலும் சொல்லிடறேன். வயல்ல பிளாட் போட்டு போர்டு வெச்சாப்ல இருக்கு."

  கடந்த நான்கு வருடத்தில் கோவிந்தசாமி கடையின் வாடிக்கையாளர் பதினோரு பேர் நிலத்தில் அப்படிப்பட்ட பலகை முளைத்திருந்தது. எல்லாவற்றிலும் இதே சிவப்பு, இதே பருமனான எழுத்து. அந்தப் பலகைகளைத் தாண்டி மொபெட்டில் போகும்போதெல்லாம் அவர் மனத்துக்குள் வைகிற வசவுகளுக்கு அளவே இல்லை. இப்போது ஒரு பலகையில் தம் பெயரே இருந்தது.

ஸ்டிக்கரைத் தாமே எடுத்தார்.

எடுத்ததும் வயல் திரும்பி வந்தது. காலையில் கிழக்கே பார்த்து நின்றால், தண்ணீர் கட்டிய வயலில் எதுவும் தெரியாது, கண் கூசும், கையை நெற்றியில் வைத்துக்கொண்டுதான் ஆளைத் தேட வேண்டும். கடனுக்கு உரம் வாங்கிய குடியானவரைத் தேடி எத்தனையோ வரப்புகளில் அப்படி நின்றவர் அவர். ஏழாயிரம் கொடுத்து வாங்கி, ஒரு முழுப்பகல் கையில் சுமந்து வந்த படத்தை அவர் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். பெயர் வைக்க இடம் தேடியிராவிட்டால் அப்போதும் பார்த்திருக்க மாட்டார்.

"ஒட்டவா?" என்றார் அந்தோணிசாமி.

"வேணாம். அந்த எடத்துல ஆள் நிக்க முடியாது, கண்ணு கூசும்" என்றார் கோவிந்தசாமி.

குடிபோகும் நாளன்று படம் கூடத்துச் சுவரில் ஏறியது. வெண்மதி அதன்முன் நின்று மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதன்பின் விருந்தினரைக் கவனிக்க ஓடிவிட்டாள். இட்டிலியை முடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார் பொன்னுரங்கம். வயிற்றைத் தடவியபடி படத்தை ஆராய்ந்தவர், வரைந்தவர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார் போலும் என்று பொதுவாகச் சபைக்குச் சொன்னார்.

கோவிந்தசாமி நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"சம்பந்தி, இங்க வாங்க. இப்பிடி, வாசப்பக்கம் நின்னு பாருங்க. அது பாதி இல்ல, வெயிலு."

அதற்குப் பின் அவரை நிறுத்துவது யாராலும் இயலாததாயிற்று. தண்ணீர் கட்டிய வயலின் இயல்பு, வெள்ளையே இல்லாத வண்ணப்பெட்டி, தாளைத் தாளாகவே விட்டுவைக்கும் நெஞ்சுரம், மூலத்துக்கும் பிரிண்ட்டுக்கும் உள்ள வேறுபாடு என ஒவ்வொன்றாக விளக்கினார். இருபத்தைந்து பிரிண்ட் எடுத்தாலும் மூலத்தின் சத்து குறையாது என்பதை, யாரும் கேட்காமலேயே, இரண்டு முறை வலியுறுத்தினார். கூட்டம் சேர்ந்தது. மாப்பிள்ளையின் அலுவலகத்துக்காரர் ஒருவர் கையை நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டு உண்மைதான் என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் நான்கு பேர் அர்ஃபாவின் நம்பரைக் குறித்துக்கொண்டார்கள்.

மாலையில் புவனகிரிப் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்திருந்த மங்கலம், ஊர் எல்லை தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள்.

"எல்லாம் சொன்னீங்க. குடுத்தது நீங்கன்னு ஒருத்தர்கிட்டயாவது சொன்னீங்களா?"

கோவிந்தசாமி காலையிலிருந்து தாம் பேசிய ஒவ்வொரு பேச்சையும் மனத்தில் ஓட்டிப் பார்த்தார். எங்கும் அந்த வாக்கியம் அகப்படவில்லை.

"சொல்லல?"

"இல்ல. அந்தப் பொண்ணோட ஏஜென்ட்டுன்னுதான் பாதிப் பேரு நெனச்சிட்டாங்க. உங்களுக்குக் கமிஷன் ஜாஸ்தியான்னு மாப்பிள்ளையோட பெரியப்பா எங்கிட்ட விசாரிச்சாரு."

மேற்கொண்டு நடக்கப்போவது அவர் கண்முன் விரிந்தது. ஆறு மாதத்தில் அது பொன்னுரங்கம் கொடுத்த படமாகிவிடும். ஒரு வருடத்தில் பொன்னுரங்கமே நம்பிவிடுவார். அந்த வேளையில் கோவிந்தசாமியின் செல்போன் அடித்தது. பேசியவர் பொன்னுரங்கம். தம் வீட்டு மருமகள் விடமாட்டேன் என்கிறாளாம். அவர்கள் வீட்டுக்கும் ஒரு படம் வேண்டுமாம். முதுநகரில் எந்தத் தெரு?

கோவிந்தசாமி வழி சொன்னார். எந்த நிறுத்தத்தில் இறங்குவது, எந்தச் சந்தில் திரும்புவது, பெயர்ப்பலகை இருக்காது என்பதால் எந்த மாடியைப் பார்ப்பது என்பதையெல்லாம் விவரமாகச் சொன்னார். கைக்கு அடக்கமான விலையில் வேண்டுமானால் பிரிண்ட்டிலும் குறையொன்றும் இல்லை என்று பெருந்தன்மையோடு சேர்த்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"போயி, உரக்கடை கோவிந்தசாமி அனுப்பினாருன்னு சொல்லுங்க. வெண்மதி வீட்டுக்கு வயல் படம் வாங்கிக் குடுத்தாரே, அவருன்னா தெரியும். பேரு சொன்னாத்தான் நல்லாப் பாத்துக் குடுப்பாங்க."



"அது நீங்க குடுத்ததா?" என்றார் பொன்னுரங்கம்.

ஆமாம் என்றார் கோவிந்தசாமி. அந்த ஒற்றைச் சொல்லுக்கு அவர் அளித்த விளக்கவுரை, பேருந்து வெள்ளாற்றுப் பாலத்தைக் கடந்து, புவனகிரி வந்து, எல்லாரும் இறங்கிய பிறகும் தொடர்ந்துகொண்டிருந்தது. மங்கலம் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.