பச்சை ஸ்டிக்கர் இல்லாத கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் வறட்டுப் பிடிவாதத்தில் பிறந்தது. நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் கட்டற்ற மென்பொருள் நிறுவித் தரும் கூட்டத்துக்கு நான்தான் தலை. யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். அப்படிப்பட்ட மென்பொருள் மட்டுமே உள்ள கணினிக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவோம். அப்படித் திறந்து பார்க்க முடியாத மூடிய கோப்பு ஒன்றே ஒன்றை ஏற்றினாலும், ஏற்றியவரே ஸ்டிக்கரைப் பிரித்து, காரணத்தை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். விதியை எழுதியவன் நான். பெருமையாகத்தான் எழுதினேன்.

2

முதல் தொடக்கம்: 'தொண்டை அறுவைக்குப் பின் அக்காவின் மௌனம் வீடு முழுக்க...'

(அடித்துவிட்டேன். அக்கா மௌனமாக இல்லை, கோபமாக இருந்தாள்.)

குரல் போய்விட்டது. திங்கட்கிழமை மருந்துக்கடை கவுண்டருக்குத் திரும்ப வேண்டும். அவள் தட்டச்சு செய்வதை மடிக்கணினி வாசித்துச் சொல்ல வேண்டும். வாசிக்கிற மென்பொருள் கட்டற்றதுதான், நானே நிறுவினேன். ஆனால் மடிக்கணினியின் ஒலிச் சில்லு, தயாரித்த நிறுவனம் தரும் மூடிய கோப்பு இல்லாமல் வாயே திறக்காது.

3

தனக்கென ஒலிச் சில்லு உள்ள ஸ்பீக்கர் ஒன்றை வெளியே செருகலாமே என்று கை தூக்குகிறவர்களுக்கு: இரண்டாம் வரைவில் அதைத்தான் செய்தேன். கொள்கையும் பிழைத்தது, அக்காவும் பேசினாள். நிஜத்திலும் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். ஒயரைச் சுற்றி என் மேசையில் வைத்துவிட்டு, துண்டுச் சீட்டில் எழுதினாள்: "கவுண்டருக்கும் குடோனுக்கும் இதை நீ தூக்கிட்டு வர்றியாடா?"

இந்த இடத்தில் கதாநாயகன் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. அவன் கட்டிக் காத்தது கொள்கையையா, ஸ்டிக்கரையா?

4

கோப்பை ஏற்றினேன். சனிக்கிழமை அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் மடிக்கணினியில் நான் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன், பாதிதான் வந்தது. காரணம் சொல்ல எழுந்தேன். அதற்குள் அக்கா கணினியைத் தன் பக்கம் இழுத்துத் தட்டினாள். ஏற்ற இறக்கமில்லாத குரலில் அது பேசியது.

"காரணம் நான். திங்கக்கிழமை ஒரு பெரியவருக்கு மாத்திரை எத்தனை வேளைன்னு சொல்லணும். இதுக்குத் திறந்த கோப்பு ஒண்ணு எழுதி முடிச்சதும் சொல்லி அனுப்புங்க, நானே வந்து மாத்திக்கிறேன்."

5

இதற்குமேல் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். கூட்டம் என்னை விலக்கியது. கூட்டம் விதியைத் திருத்தியது. பின்வரிசையில் ஒருத்தி அந்தத் திறந்த கோப்பை எழுத அன்றே உட்கார்ந்தாள். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், நான்காவதையும் எழுதுங்கள். கதை உங்களுடையது, திறந்து பாருங்கள், திருத்துங்கள், பிறருக்குக் கொடுங்கள்.

அக்கா சொன்னதில் மட்டும் கை வைக்கக் கூடாது. அது அவள் பேச்சு. அது இல்லாமல் இந்தக் கதை ஓடவும் ஓடாது.

ஆகவே விதிப்படி இந்தக் கதைக்குப் பச்சை ஸ்டிக்கர் கிடையாது. நானே பிரித்துவிட்டேன். காரணத்தையும் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.