ஊறுகாய் சுற்றி வந்த காகிதம்

மூன்று வாரப் பியானோ முகாமுக்கு என்னை அனுப்புகிறேன் என்று அப்பா தானாகவே சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். புதுச் செருப்பு கேட்டால் பழைய செருப்பைத் திருப்பிப் பார்த்து, "அடி இன்னும் தேயலையே" என்று சொல்கிற மனுஷர் அவர். எனக்குப் பதினேழு வயது. சந்தோஷத்தில் புத்தி மழுங்கிவிட்டது.

"நன்னா வாசி, வைதேகி. அந்த டீச்சர் உன்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லட்டும். அக்டோபர்ல எண்ட்ரன்ஸ் எழுதிக்கோ. ஐ ப்ராமிஸ்" என்றார்.

அக்டோபர் என்றால் இசைக் கல்லூரியின் நுழைவுத் தேர்வு. எட்டு வயதிலிருந்து நான் உட்கார்ந்தது, எழுந்தது எல்லாம் அதற்காகத்தான். வாக்குக் கொடுத்தபோது அம்மா அடுப்படியில் இருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அதையும் நான் கவனிக்கவில்லை.

முகாம் தெற்கு ஜெர்மனியின் கருங்காட்டு மலைப்பகுதியில், ஒரு பழைய மடத்தில் நடந்தது. கன்னியாஸ்திரிகள் இருந்த சின்னச் சின்ன அறைகளில் ஆளுக்கொரு பியானோ போட்டிருந்தார்கள். காலை எட்டு மணிக்குப் பதினெட்டுப் பியானோவும் ஒன்றாகக் கிளம்பினால் கீழே புல்வெளியில் மேய்கிற மாடுகள் தலை தூக்கிப் பார்க்கும். டீச்சர் ஃப்ராவ் ஹோல்ட்ஸ்வார்ட் அறை அறையாக வந்து நிற்பார். பாராட்டமாட்டார். பிடித்திருந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்து கேட்பார், பிடிக்கவில்லையென்றால் திறந்தபடியே விட்டுப் போய்விடுவார். இரண்டாவது வாரம் என் அறை ஜன்னலைச் சாத்தினார்.

"அப்பாவுக்குச் சம்மதமென்றால் அக்டோபருக்கு நானே சிபாரிசுக் கடிதம் தருகிறேன்" என்றார்.

"அப்பா ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டார்" என்றேன் பெருமையாக. அந்தப் பெருமையை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த வாரம்தான் அம்மாவிடமிருந்து பார்சல் வந்தது. இரவுச் சாப்பாட்டுக்குக் குளிர்ந்த ரொட்டியும் சீஸும் வெள்ளரிக்காயும்தான் என்று வீட்டுக்கு எழுதியிருந்தேன். காப்பித்தூள் பாட்டிலில் எலுமிச்சங்காய் ஊறுகாய் அனுப்பியிருந்தாள். எண்ணெய் கசியாமலிருக்க ஸ்டுட்கார்ட் விளம்பரப் பத்திரிகைத் தாளை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள். என் அறைத்தோழி கேர்லிண்டெ முதல் துண்டை வாயில் போட்டுவிட்டுத் தண்ணீருக்கு ஓடினாள். நான் சிரித்துக்கொண்டே தாளைச் சுருட்டப் போனேன். அதில் எங்கள் வீட்டுத் தொலைபேசி எண் இருந்தது.

மூன்று வரிகள்தான். பியானோ, வால்நட் மரம், நல்ல நிலையில். தாயகம் திரும்புவதால் விற்பனைக்கு. கீழே எண்.

தாயகம் திரும்புகிறோமா? யார்? எப்போது? வேறு யாரோ எண்ணைத் தப்பாகப் போட்டிருப்பார்கள் என்று கொஞ்ச நேரம் என்னையே ஏமாற்றிப் பார்த்தேன். எங்கள் பியானோவும் வால்நட் மரம்தான், அது ஏமாறவிடவில்லை.

மாலை ஆறரைக்குத் தபால் நிலையத்துக்கு முன்னால் இருக்கும் மஞ்சள் தொலைபேசிக் கூண்டுக்குப் போனேன். அப்பா தொழிற்சாலையிலிருந்து வந்திருக்கும் நேரம். "அப்பா, என்னப்பா இது?" என்று கேட்கத்தான் போனேன். அவர் எடுத்து, "சேஷாத்ரி, வணக்கம்" என்று அலுவலக ஜெர்மனில் சொன்னதும் என் வாயிலிருந்து பள்ளிக்கூடத்துப் பெண்கள் பேசும் கொச்சை ஜெர்மன்தான் வந்தது.

"பியானோ இன்னும் இருக்கிறதா?"

"இருக்கிறது, அம்மணி" என்றார்.

அவருக்கு என் குரல் தெரியவில்லை. எப்படித் தெரியும்? எங்கள் வீட்டுச் சட்டம் அப்படி. "ஜெர்மனைச் செருப்போட வாசல்ல விட்டுட்டு உள்ள வா" என்பார். ஐந்து வயதில் இந்த ஊருக்கு வந்தேன். பன்னிரண்டு வருஷத்தில் அவரிடம் ஒரு வாக்கியம்கூட ஜெர்மனில் பேசியதில்லை. அந்தக் குரல் அவருக்கு யாரோ ஒருத்தியின் குரல்.

"யார் வாசித்தது?"

"என் மகள். அவளுக்கு இப்போது ஆர்வம் விட்டுப்போய்விட்டது."

காசு போடும் துளையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை, கோபம் வந்தது.

"கீழ் ஸ்தாயியில் ஏதாவது கட்டை சிக்குமா?"

"எதுவும் சிக்காது. அருமையான நிலையில் இருக்கிறது."

குளிர்காலத்தில் கீழே ஒரு கறுப்புக் கட்டை சிக்கும். பல்குத்தும் குச்சியால் அதை நெம்பிக் கொடுப்பவரே அவர்தான்.

"ஒரே ஒரு நிபந்தனை. பதினாறாம் தேதிக்குள் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்" என்றார்.

பதினேழாம் தேதி எங்கள் முகாமின் கடைசி நாள். அன்று மாலை நான் வீட்டுக்குத் திரும்புகிறேன். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. முகாம் எனக்குக் கொடுத்த பரிசு இல்லை. நான் இல்லாத வீட்டிலிருந்து பியானோவை இறக்க அவருக்கு மூன்று வாரம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். யோசித்துச் சொல்கிறேன் என்று ரிசீவரை வைத்தேன். நன்றி என்றார், மரியாதையாக.

யாரிடமும் சொல்லவில்லை. கேர்லிண்டெ இரண்டு தடவை கேட்டாள், வயிற்றுவலி என்றேன். பிறகு வாசித்தேன். காலை, மாலை, மற்றவர்கள் குளத்துக்குக் குளிக்கப் போன நேரம், எல்லா நேரமும் வாசித்தேன். என் வீட்டில் பியானோ இருக்காது என்று தெரிந்தபின் ஒவ்வொரு மணியும் எனக்குத் திருட்டுச் சாப்பாடு மாதிரி இருந்தது. ஊறுகாயைத் தொடவில்லை. அம்மாவுக்கு ஜெர்மன் படிக்கத் தெரியாது, ஆனால் சொந்த வீட்டு எண்ணைப் படிக்கத் தெரியும். தெரிந்தேதான் சுற்றினாளா, கைக்குக் கிடைத்த தாளைச் சுற்றினாளா என்று யோசித்து யோசித்து அவள் மேலும் ஆத்திரப்பட்டேன். தெரிந்தே என்றால் வாயைத் திறந்து சொல்வதற்கு என்ன?

பதினேழாம் தேதி மடத்துக் கூடத்தில் கச்சேரி. அப்பா கோட்டும் டையுமாக இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மா, மாம்பழ நிறப் பட்டுப் புடவையில். நான் சொனாட்டா வாசித்தேன். நன்றாக வாசித்தேன் என்பதை நானே சொல்கிறேன், அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. எல்லாரையும் முந்திக் கைதட்டியவர் அப்பா. அவர் கண் கலங்கியிருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெளியே முற்றத்தில் காப்பி கொடுத்தார்கள். ஃப்ராவ் ஹோல்ட்ஸ்வார்ட் நேரே எங்களிடம் வந்தார்.

"ஹெர் சேஷாத்ரி, அக்டோபர் தேர்வுக்குக் கடிதம் தயாராக இருக்கிறது. உங்களுக்குச் சம்மதம்தானே?"

"நிச்சயமாக" என்றார் அப்பா தன் அலுவலக ஜெர்மனில். "இசைதான் அவளுக்கு உயிர்."

என் பக்கம் திரும்பி, தமிழில், "பாத்தியா, நான் சொன்னேனோல்லியோ?" என்று சிரித்தார். இந்தியா திரும்பும் விமான டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு எப்படி அப்படிச் சிரிக்க முடிந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நான் தமிழில் பதில் சொல்லவில்லை. அவர் முகத்தை நேராகப் பார்த்து, தொலைபேசிக் கூண்டில் பேசிய அதே கொச்சை ஜெர்மனில் கேட்டேன்.

"பியானோ இன்னும் இருக்கிறதா?"

அப்பா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். அவருக்குக் குரல் தெரிந்துவிட்டது. தமிழும் வரவில்லை, ஜெர்மனும் வரவில்லை. டீச்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பதில் சொன்னது அம்மா.

"பெர்காஃப்ட்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. விற்றாயிற்று.

அம்மா ஜெர்மன் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பியானோ விற்றபின்னும் பகலில் வருகிற தொலைபேசிகளுக்குச் சொல்லச்சொல்லி அப்பா அந்த வாரம் அவளுக்கு அந்த ஒரு வார்த்தையைக் கற்றுக்கொடுத்திருந்தார்.