மை போட்டவர்

காபி இயந்திரத்தின் பொத்தானை லெனோர் இன்னொரு முறை அழுத்தினாள். உள்ளே எதுவோ உறுமியது. கோப்பையில் வெறும் வெந்நீர் விழுந்தது. அதற்குள் இறுதிச்சடங்கு மண்டபத்துக்காரர் மிஸ்டர் ஃபைன் மறுபடியும் வந்து கதவருகே நின்று தொண்டையைச் செருமினார்.

“அவசரப்படுத்தறேன்னு நெனைக்காதீங்க மிஸ் கிராவிட்ஸ். பெட்டிய மூடணும். குடும்பத்துல ஒருத்தர் உள்ள வந்து முகத்தப் பாத்து, இவருதான்னு சொல்லிட்டாப் போதும். ஒரு நிமிஷ வேலை.”

“என் தம்பி வந்துரட்டும். ஏர்போர்ட்லதான் இருக்கான்.”

“டென்வர் ஏர்போர்ட்ல,” என்றார் மிஸ்டர் ஃபைன், மெதுவாக.

அது உண்மைதான். டென்வரில் விடாத பனி. விமானங்கள் எல்லாம் ரத்து என்று ஸ்டூ காலையிலேயே போன் செய்துவிட்டான். வெள்ளிக்கிழமை, பொழுது சாய்ந்தால் சபாத், யூதர்களின் ஓய்வு நாள். அதற்குள் அடக்கம் முடிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஞாயிறுவரை காத்திருக்க வேண்டும். “அப்பா வாழ்க்கைல ஒரு தடவகூட சொன்ன தேதி தவறினதில்ல லெனி,” என்றான் ஸ்டூ. “இப்ப என்னால தவற வேணாம். நீயே முடிச்சிரு.” சொல்லிவிட்டு அழுதான். அவள் அழவில்லை.

“பத்து நிமிஷம் குடுங்க,” என்றாள் மிஸ்டர் ஃபைனிடம்.

முகத்தைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை. காரணத்தை யாரிடமும் சொல்லவும் முடியாது. நினைவு தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு அப்பா என்றால் முதுகுதான். குவீன்ஸில் ரீகோ பார்க் அடுக்ககத்தின் கூடத்தில் ஜன்னலை ஒட்டி அவருடைய சாய்வுமேசை. அதில் குனிந்த முதுகு, அதன்மேல் இரண்டு பட்டைகளாக சஸ்பெண்டர், சட்டைக்குள் ஏறி இறங்கும் வலது தோள்பட்டை எலும்பு. “அப்பா, பசிக்குது” என்றால் “அம்மாவக் கேளு” என்று முதுகு பதில் சொல்லும். பள்ளியில் பரிசு வாங்கி வந்து காட்டினால் “சபாஷ்” என்று முதுகு சொல்லும். அந்த மேசையிலிருந்துதான் மாதாமாதம் சித்திரக்கதை நாயகன் கேப்டன் ஸெல்டார் பறந்து போனார். மஞ்சள் அங்கி, இரும்புக் காலணி, ஒரே குத்தில் உடையும் பாலம். நாடு முழுக்கப் பையன்கள் மிட்டாய்க் கடைகளில் அவருக்காகக் காத்திருந்தார்கள். மில்டன் கிராவிட்ஸ் என்ற யூதப் பெயர் மட்டும் எந்தப் பக்கத்திலும் வராது. ‘மில்ட் கிரே’ என்று போட்டால்தான் ஓஹையோவில் விற்கும் என்று கம்பெனி முதல் நாளே சொல்லிவிட்டது.

இந்தப் புதன்கிழமை காலை, தெருவைக் கூட்டும் வண்டி வருகிற நேரமாயிற்றே என்று காரை எதிர்ப்பக்கம் மாற்றி நிறுத்தக் கீழே போனாள். அந்த வட்டாரத்தில் எல்லோரும் செய்வதுபோல, வண்டி கூட்டிக்கொண்டு போகும்வரை காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்து, இடம் பிடித்து நிறுத்திவிட்டு மேலே வந்தாள். மேசை இருந்த இடத்தில் இப்போது ஆஸ்பத்திரிக் கட்டில். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். “எடம் கெடச்சிருச்சுப்பா. பேக்கரி வாசல்லயே,” என்றாள் முதுகிடம். பழைய காரை எடுக்கத் தெரியாமல் தடுமாறிய ஒரு கிழவியைப் பற்றிச் சொன்னாள். சொல்லிக்கொண்டே சூப்பைச் சூடுபண்ணினாள். சூப்பைக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் தோள்பட்டை அசையவில்லை என்பது கண்ணில் பட்டது.

நர்ஸ் வந்து அவரைத் திருப்பிப் படுக்க வைத்தபோது லெனோர் சமையலறையில் நின்று குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள்.

மண்டபத்தின் வாசற்கதவு திறந்து குளிர் உள்ளே வந்தது. கூடவே ஒரு கிழவர். கறுப்புக் கோட்டு, பளபளவென்று துடைத்த பூட்ஸ், மார்போடு அணைத்த பெரிய லில்லிப் பூச்செண்டு. நின்று பெயர்ப்பலகையைப் படித்தார். மறுபடி படித்தார்.

“கிராவிட்ஸ்னு போட்டிருக்கு. கிரேதானே?”

“ஆமா, மில்ட் கிரே. நான் அவர் பொண்ணு. நீங்க?”

“பெட்ரோனே. நுன்சியோ பெட்ரோனே. ஸ்டேட்டன் தீவுலேர்ந்து வர்றேன். உங்கப்பாகூட வேல பாத்தவன்.” சற்று யோசித்தார். “கூடன்னு சொல்றதா, அவருக்குப் பின்னாலன்னு சொல்றதா, தெரியல.”

லெனோர் வெந்நீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

பெட்ரோனே! அவர்கள் வீட்டில் அது மனிதப் பெயரே இல்லை. “சாப்பிடலன்னா பெட்ரோனேவ கூப்பிடுவேன், வந்து உன்னை அழிச்சிருவான்” என்று அவளே ஸ்டூவை மிரட்டியிருக்கிறாள். அப்பா பென்சிலில் வரைந்த பக்கங்களைக் கம்பெனி இந்த மனிதருக்கு அனுப்பும். இவர் அதன்மேல் மை போட்டு, பென்சிலை அழித்து, அச்சுக்குக் கொடுப்பார். இருபது வருஷத்துக்கு மேல் அப்படி நடந்தது. ஒவ்வொரு மாதமும் புத்தகம் வந்த அன்று சாப்பாட்டு மேசையில் அப்பாவின் முகம் தெரியும். சிவந்த முகம். “இங்க ஒரு பிரெட்சல் விக்கறவனப் போட்டேன். எங்க அவன்? இங்க தள்ளுவண்டியோட ஒரு பொம்பள. காணோம்! எல்லாத்தையும் கறுப்பா அடிச்சு வச்சிருக்கான், கசாப்புக்காரன். ஊரையே காப்பாத்தறாரு கேப்டன். ஊர்ல ஒரு ஆளாவது இருக்க வேணாமா?”

அந்தக் கசாப்புக்காரர் இப்போது பூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்.

“எங்க வழக்கத்துல பூ வைக்கறதில்ல,” என்றாள்.

“அய்யோ, தெரியாம கொண்டாந்துட்டேனே.”

மிஸ்டர் ஃபைன் வந்து செண்டை வாங்கிக்கொண்டு போய் ஆபீஸ் மேசையில் வைத்தார். கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“நான் எங்கப்பாவ நேர்ல பாத்தேனான்னு கேளுங்க மிஸ் கிராவிட்ஸ்.”

“பாத்ததில்லயா?”

“ஒரு தடவகூட இல்ல. அவரு குவீன்ஸ், நான் தீவு. பக்கங்கள ஆள் கொண்டாந்து குடுப்பான், ஆள் வாங்கிட்டுப் போவான். ஒரு வருஷம் கிறிஸ்துமஸ் பார்ட்டிக்கு, இவரப் பாக்கணும்னே போனேன். அவரு வரல.”

அந்தப் பார்ட்டி லெனோருக்கு நினைவிருந்தது. அம்மா புது உடுப்பு மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். அந்த ஆள் இருப்பான், நான் வரமாட்டேன் என்று முதுகு சொல்லிவிட்டது.

“நான் எங்கப்பாவன்னு சொல்லிட்டேனோ?” என்றார் கிழவர் திடீரென்று. “உங்கப்பாவன்னு சொல்ல வந்தேன். வயசாயிருச்சும்மா, வாய் கொளறுது.” தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முகத்த ஒரு தடவ பாக்கலாமா? எங்க ஆளுங்கன்னா தெறந்து வச்சிருப்பாங்க. அதான் கெளம்பி வந்தேன்.”

மிஸ்டர் ஃபைன் கடிகாரத்தைப் பார்த்தார். “குடும்பத்து ஆளுங்க மட்டுந்தான் சார்...”

“இவர் என்கூட வர்றாரு,” என்றாள் லெனோர்.

“இவரு குடும்பமா?”

அவள் எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். “எங்க வீட்ல இவர் பேச்சு இல்லாம ஒருநாள்கூட சாப்பிட்டதில்ல.”

உள்ளறை சிறியது. நடுவில் பூச்சு இல்லாத பைன் பெட்டி. கழுத்துவரை வெள்ளைத் துணி. கைகள்கூடத் துணிக்குள். லெனோர் முதலில் சுவரைப் பார்த்தாள், பிறகு பெட்டியின் விளிம்பை. கிழவர் நேராகப் போய்க் குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மிக அருகில், தொழில்காரன் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“அந்தக் காது,” என்றார்.

“என்ன?”

“இந்தக் காதத் தெரியும் எனக்கு. மடல்ல இந்த வளைவு, கீழ ஒட்டாம தொங்கற மாதிரி. கேப்டனுக்கு இதான். கெட்டவங்களுக்கும் இதான். போலீஸ்காரன், பேங்க் மேனேஜர், செவ்வாய் கெரகத்து ராஜா, எல்லாருக்கும் இதே காது. ஒரே இழுப்புல பிரஷ்ஷ ஓட்டுவேன். கண்ண மூடிட்டுப் போடுவேன்.” நிமிர்ந்தார். “இடது கைய மூடி வச்சிட்டாங்க.”

“இடது கையா?”

“கேப்டன் எப்பவும் இடது கையாலதான் குத்துவாரு. கவனிச்சிருக்கீங்களா? வலது கைல பென்சில் இருக்கும். எதிர்ல வச்சுப் பாத்து வரைய இடதுதானே மிச்சம்? முறுக்கிப் பாப்பாரு, விரிச்சுப் பாப்பாரு. படத்துல சுண்டு விரல் கொஞ்சம் வளைஞ்சிருக்கும், எங்கயோ ஒடிச்சுக்கிட்டிருக்காரு.”

வளைந்திருந்ததா? லெனோர் யோசித்தாள். அவளுக்குத் தெரியவில்லை. இப்போதுதான் பெட்டிக்குள் பார்த்தாள். அங்கே யாரோ ஒரு வயதானவர் இருந்தார். சவரம் செய்து, வாய் இறுக மூடி, எந்தக் கோபமும் இல்லாமல். இவரை எனக்குத் தெரியாது என்று ஒரு கணம் பயந்தாள். பிறகு கண் காதுக்குப் போனது. மேசைக்குப் பின்னால் நின்று, திரும்புவாரா திரும்புவாரா என்று காத்திருந்த காலமெல்லாம் அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் காதைத்தான்.

“இவருதான்,” என்றாள் மிஸ்டர் ஃபைனிடம். அவர் தலையசைத்துவிட்டு மூடியை எடுக்க ஆட்களைக் கூப்பிடப் போனார்.

இருவரும் தனியாக நின்றார்கள். அவள் கேட்டுவிட்டாள்.

“மிஸ்டர் பெட்ரோனே, ஒரு கதைல வெள்ளம் வருமே. ஊருக்குள்ள ஆறு பூந்துரும், கேப்டன் ஒரு கப்பல இழுத்து அணைபோடுவாரு.”

“ஆமா, ஆமா.”

“அதுல தெருவோரத் தண்ணிக் குழாய்க்குப் பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு. ரெயின்கோட்டு போட்டுக்கிட்டு.”

அவளுக்கு அப்போது ஏழு வயது. அப்பா நாற்காலியோடு திரும்பி, “அந்த ரெயின்கோட்ட மாட்டிட்டு வந்து நில்லு, அசையாத” என்றார். நின்றாள். அவர் பார்த்தார், வரைந்தார், பார்த்தார். “இந்த மாசம் நீ புத்தகத்துல வர்ற,” என்றார். வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்தாள். புத்தகம் வந்ததும் மிட்டாய்க் கடையில் எல்லோர் முன்னாலும் பிரித்தாள். குழாய் இருந்தது. பக்கத்தில் கறுப்பு. ‘பொய்க்காரி’ என்ற பெயர் ஐந்தாம் வகுப்புவரை ஒட்டிக்கொண்டிருந்தது. “நான் போட்டேன். அந்தக் கசாப்புக்காரன் தின்னுட்டான்,” என்றது முதுகு. போட்டாரா? அந்த மூலப் பக்கத்தைக் கம்பெனி எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டது. அவரையும்தான். எழுபதுகளில் புது ரத்தம் வேண்டுமென்று ஒரு இளைஞனிடம் கேப்டனைக் கொடுத்தார்கள். அதன்பின் அப்பா பல்பொருள் அங்காடி விளம்பரங்களுக்குத் தக்காளியும் வான்கோழியும் வரைந்தார், அதே மேசையில், அதே முதுகோடு.

“அந்தப் பொண்ணு இருந்துச்சா? பென்சில்ல?” என்றாள்.

கிழவர் பெட்டியைப் பார்த்தார். வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிவரும் சத்தம் கேட்டது.

“ஆமான்னு சொல்லணும்னு தோணுது,” என்றார். “சொல்லிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிரலாம். இவருக்கு முன்னால நின்னுக்கிட்டு வாய் வரலம்மா. எனக்கு நெனவில்ல. தண்ணி நெனவிருக்கு. அவ்வளவு தண்ணி! வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கம் வரும், திங்கட்கிழமை காலைல வேணும்பாங்க. வீட்ல நாலு பசங்க, ஒண்ணுக்கு இழுப்பு. தண்ணிய முடிச்சதும் பெரிய பிரஷ்ஷ எடுத்தேன். யாரு நிக்கறாங்கன்னு பாத்தா கை ஓடாதுன்னு பாக்காமலே அடிச்சேன்.”

“சரி,” என்றாள்.

“இருந்திருக்கும்.”

“சரி மிஸ்டர் பெட்ரோனே.”

அடக்கத்துக்கு அதிகம் பேர் இல்லை. பத்திரிகையில் பார்த்து வந்த இரண்டு நடுவயது ரசிகர்கள், அவர்களில் ஒருவன் கோட்டில் கேப்டனின் மின்னல் பேட்ஜைக் குத்தியிருந்தான். அம்மாவின் பக்கத்து உறவில் சிலர். சடங்கு செய்ய வந்த மதகுருவான ரப்பிக்கு அப்பாவைத் தெரியாது. “கேப்டன் ஸெல்டனைப் படைத்த பெருங்கலைஞர்” என்று அவர் உருக்கமாகத் தொடங்கியபோது, பின்னாலிருந்து “ஸெல்டார்” என்று ஒரு குரல் உரக்கத் திருத்தியது. ரப்பி திருத்திக்கொண்டார். குழிக்குள் பெட்டி இறங்கியதும் வழக்கப்படி லெனோர் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து முதல் மண்ணைத் தள்ளினாள். உறவினர்கள் ஆளுக்குக் கொஞ்சம் தள்ளிவிட்டுக் கார்களை நோக்கிப் போனார்கள். பெட்ரோனே கோட்டைக் கழற்றி மடித்துப் பக்கத்துக் கல்லின்மேல் வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார். மூச்சு வாங்கியது. இடுகாட்டு ஆட்கள் இயந்திரத்தோடு காத்திருந்தார்கள்.

“போதும், நீங்க விடுங்க,” என்றாள் லெனோர்.

“பெட்டி இன்னும் தெரியுதே.”

அவள் இன்னொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள்.

பஸ்ஸும் ரயிலும் படகுமாக வந்தவரை அப்படியே திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. காரில் ஏற்றிக்கொண்டாள். நெடுஞ்சாலையில் நெரிசல். சூடு உறைக்கத் தொடங்கியதும் கிழவர் விரல்களை விரித்து ஊதித் தேய்த்துக்கொண்டார்.

“ஒண்ணுதான் எனக்குப் புரியல,” என்றார். “நான் அழிச்சிருவேன்னு அவருக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் மாசாமாசம் கூட்டம் கூட்டமா போட்டு அனுப்புவாரு. ஒவ்வொருத்தனுக்கும் தொப்பி, ஷூ லேஸ், மூஞ்சில ஒரு பயம். விட்டிருக்கலாமில்ல? கை வலியாவது மிச்சமாயிருக்கும்.”

லெனோர் சாலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள்.

“வீட்ல யாரு இருக்காங்க?” என்று கொஞ்சம் கழித்துக் கேட்டாள். திரும்பிப் பார்த்தாள். தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது.

பாலத்தைக் கடந்து, அவர் முன்பே சொல்லியிருந்த தெருவைத் தேடிப் பிடித்தாள். நெருக்கமான வீடுகள். மற்றவற்றில் எல்லாம் விளக்கு எரிந்தது, அவர் சொன்ன எண்ணில் இல்லை. படிக்கட்டில் இரண்டு நாள் பத்திரிகை உறையோடு கிடந்தது. காரை ஓரமாக நிறுத்தினாள். பனி விழத் தொடங்கியிருந்தது.

எழுப்பக் கையை நீட்டினாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள். சூடாக்கியை ஒரு அளவு கூட்டிவைத்து, முன்கண்ணாடித் துடைப்பானை நிறுத்தினாள். கிழவர் வாயைத் திறந்து, லேசாகக் குறட்டை விட்டுத் தூங்கினார். தெருவும் வீடும் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணாடியில் மறைந்துகொண்டிருந்தன. அவள் சீட்பெல்ட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.