டேகர்ன்சே போகும் பாதி

லிஸ்பனின் சந்துகளில் வழி தவறாத புர்கி, கிராக்கோவின் பேருந்து நிலையத்தில் தடுமாறாத புர்கி, தான் பிறந்த ஏரிக்கரை ஊரான டேகர்ன்சேக்குப் போகும் ரயிலில் வழி தவறினாள்.

கைப்பேசியில் எல்லாச் செயலிகளும் இருந்தன. ரயிலுக்கு ஒன்று, வரைபடத்துக்கு ஒன்று, மழை எப்போது வரும் என்று சொல்ல ஒன்று, தெரியாத மொழியைப் பெயர்த்துச் சொல்ல ஒன்று. கடைசியாகச் சேர்ந்தது, ஒருவர் இருக்கும் இடத்தை இன்னொருவருக்குப் புள்ளியாகக் காட்டும் செயலி. அது தம்பி க்விரின் வைத்த நிபந்தனை.

"நீ வர்றியா இல்லையான்னு நான் கண்ணால பாக்கணும். இந்தத் தடவையும் பாதியில திரும்பினா, இனிமே கூப்பிட மாட்டேன் புர்கி. சத்தியமா."

அவன் அப்படிச் சொன்னதில் தப்பில்லை. அப்பாவை அடக்கம் செய்த அன்று அவள் ம்யூனிக்கிலிருந்து கிளம்பி, பாதி வழியில் ஹோல்ட்ஸ்கிர்ஷனில் இறங்கி, எதிர்த்திசை வண்டியில் திரும்பிப் போய்விட்டாள். ஏன் என்று அவன் கேட்டான். இரண்டு வருடம் யோசித்தும் அவளுக்கே புரியவில்லை.

இன்று காலை ம்யூனிக்கில் வண்டி கிளம்பும் நேரம் ஓடிவந்து, கண்ணில் பட்ட கதவில் ஏறினாள். 'நேரடி வண்டி, மாற வேண்டியதில்லை' என்றது செயலி. அதன் கீழே சிறிய எழுத்தில் வேறு ஏதோ இருந்தது. விரித்துப் பார்க்கவில்லை. சன்னலில் தலை சாய்த்துக்கொண்டாள்.

ஷாஃப்ட்லாக் நிலையத்தில் வண்டி கொஞ்ச நேரம் நின்றது. முன்னால் ஏதோ நகரும் ஓசை கேட்டது. பிறகு இவர்களும் நகர்ந்தார்கள். திரையில் அவளுடைய நீலப் புள்ளி, ஏரியைவிட்டு விலகி மேற்கே போய்க்கொண்டிருந்தது. செயலிதான் தவறு செய்கிறது என்று முதலில் நினைத்தாள். மூடித் திறந்தாள். புள்ளி இன்னும் கொஞ்சம் விலகியிருந்தது.

"இது டேகர்ன்சே போகும்தானே?" என்று எதிர் இருக்கைப் பெண்ணிடம் கேட்டாள். அந்த அம்மாள் மடியில் குட்டைக்கால் நாய் ஒன்றை வைத்திருந்தாள்.

"டேகர்ன்சேவா? ஐயையோ, அந்தப் பாதி இப்பதாம்மா கழண்டு போச்சு! இது லெங்கிரீஸ் போற பாதி. மைக்கில ரெண்டு தடவை கத்தினாங்களே!"

"மாற வேண்டாம்னு ஃபோன்ல போட்டிருக்கே."

"மாற வேண்டாம்தான். சரியான பாதியில உக்காந்திருந்தா!" அந்த அம்மாள் நாயின் காதைத் திருகினாள். "கேட்டியாடா? உனக்கே தெரியும், எந்தப் பாதியில ஏறணும்னு. வெளியூராம்மா நீங்க?"

"ஆமா."

"பேச்சைக் கேட்டா அப்படித் தெரியலியே."

புர்கி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பள்ளிக்கூடக் காலம் முழுக்க இதே வண்டியில் போய்வந்தவள் அவள். அது வழியில் துண்டுதுண்டாகப் பிரிந்து வேறு வேறு ஊருக்குப் போகும் என்பது ஏரிக்கரையில் பிறந்த எல்லோருக்கும் நடை பழகும்போதே தெரிந்துவிடும். மறந்துதான் போனாளா? மைக்கின் சத்தம் காதில் விழவே இல்லையா? யோசிக்க யோசிக்க, விழுந்திருக்கலாம் என்று தோன்றியது. அந்த எண்ணம் அவளைப் பயமுறுத்தியது.

அடுத்த நிலையமான ரைஷர்ஸ்பாயர்னில் இறங்கினாள். ஒரு நடைமேடை, ஒரு கொட்டகை, சற்றுத் தள்ளி, சாலை தண்டவாளத்தைக் கடக்கும் ரயில்வே கடவு. வேறு யாரும் இறங்கவில்லை.

திரையில் க்விரினின் பச்சைப் புள்ளி, அவளுக்காகக் காத்திருக்க வேண்டிய டேகர்ன்சே நிலையத்தில் இல்லை. க்முண்ட் ஊரைத் தாண்டி வடக்கே போய்க்கொண்டிருந்தது. கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டானா? இங்கேதான் வருகிறானா? பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளி ஒரு வயலின் நடுவில் உறைந்து நின்றது. வயலில் அவனுக்கு என்ன வேலை? இது இப்போது இருக்கும் இடமா, சற்று முன் இருந்த இடமா? ரயில் செயலி குறுக்கே வந்து, ஷாஃப்ட்லாக் திரும்பி வண்டி மாறச் சொன்னது. அந்த வண்டியிலேயே மாறாமல் உட்கார்ந்திருந்தால் ம்யூனிக் போய்விடலாம் என்பதையும் காட்டியது.

அழைத்தாள். நெடுநேரம் மணி அடித்து எடுத்தான். காரின் இரைச்சல் கேட்டது. இருவரும் பேசவில்லை. இந்த மௌனம் அவர்கள் வீட்டுச் சொத்து. அப்பாவும் தொலைபேசியை எடுத்தால் இப்படித்தான் மூச்சுவிட்டுக்கொண்டு நிற்பார்.

"எங்க ஓடுற?" என்றான் கடைசியில்.

"ஓடல. வேற பாதியில ஏறிட்டேன்."

"கதை விடாத. சுற்றுலாக்காரன் ஏறுவான் வேற பாதியில. நீ ஏறுவியா?"

"ஏறிட்டேன் க்விரின்."

"தெரியாமலா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அவன் நம்பக்கூடும்.

"தெரியல," என்றாள். "தெரிஞ்சு ஏறினேனா தெரியாம ஏறினேனான்னு எனக்கே தெரியல. ஆனா இறங்கினது தெரிஞ்சுதான். ரைஷர்ஸ்பாயர்ன்ல நிக்கிறேன்."



"அங்கேயே நில்லு," என்றான். "அந்த ஃபோனை நோண்டாத. நான் வர்றேன்." இணைப்பு அறுந்தது.

அவள் நின்றாள். கொட்டகைக் கூரையில் தூறல் விழத் தொடங்கியது. மேற்கிலிருந்து வண்டிச் சத்தம் கேட்டது. கடவில் மணி அடித்துத் தடுப்புக் கட்டைகள் இறங்கின. அப்போதுதான் தண்டவாளத்துக்கு அப்பால் ஒரு பழைய சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. உள்ளே இருப்பவன் முகம் தெரியவில்லை. வண்டி இடையில் வந்து அதை மறைத்தது.

கதவுகள் அவளுக்கு நேராகத் திறந்தன. உள்ளே வெளிச்சம், கதகதப்பு, காலி இருக்கைகள். கையில் கைப்பேசி அதிர்ந்தது: உங்கள் வண்டி வந்துவிட்டது. ஏறினால் ஒரு மணி நேரத்தில் ம்யூனிக்கில் வீடு. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கால் ஒன்று முன்னே போனதை அவள் பார்த்தாள், அது வேறு யாருடைய கால் என்பதுபோல.

நடத்துநர் தலையை நீட்டினார். "ஏறுறீங்களாம்மா, இல்லையா?"

அவள் கைப்பேசித் திரையைக் குனிந்து பார்த்தாள்.

"நின்னு யோசிக்க நேரமில்லைங்க."

"இல்லை," என்றாள்.  தலையையும் ஆட்டிக் காட்டினாள்.

கதவுகள் மூடின. பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. கடைசிப் பெட்டி போனபோது, க்விரின் காரைவிட்டு இறங்கி, மழையில், தடுப்புக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடைமேடையையே பார்த்து நின்றிருந்தான். கட்டை மேலே எழும்பத் தொடங்கியது. அவன் பிடியை விடவில்லை. கைகள் தலைக்கு மேலே போகும்வரை அதோடு சேர்ந்து உயர்ந்தன.