ஒன்பதாம் வகுப்பு பி

பள்ளி திறக்க இன்னும் இரண்டு நாள்தான். பூட்டைத் திறந்ததும் விடுமுறை முழுக்க அடைந்து கிடந்த காற்று முகத்தில் அடித்தது. ஜன்னலைத் திறந்தேன், மேசையைத் துடைத்தேன். பிள்ளைகள் உட்காரும் நாற்காலியை, கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால் தெரியாத மூலைக்கு நகர்த்தினேன். அதற்குப் பின்சுவரில்தான் கடிகாரம். நான் மணி பார்ப்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் பாதியில் எழுந்து போய்விடும்.

நான் இந்தப் பள்ளியின் ஆலோசகர். பிள்ளைகளுக்கு ‘கவுன்சிலிங் மேடம்’. சில ஆசிரியர்களுக்கு, உட்கார்ந்து கதை கேட்டே சம்பளம் வாங்குகிறவள். சொல்லிவிட்டுப் போகட்டும். கேட்ட கதையை வெளியே சொல்லாமல் ஒரு வாரம் வைத்துக்கொண்டு பார்த்தால் அவர்களுக்குப் புரியும்.

எனக்கு ஒரு விடுமுறை முழுக்க வைத்துக்கொள்ள வேண்டி வந்தது.

போன வருடத்தின் கடைசிப் பரீட்சை முடிந்த அன்று எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். பேச்சு திக்கும். வகுப்பில் அவள் வாயைத் திறந்தாலே நான்கைந்து பேர் ஆள்காட்டி விரலைக் காற்றில் சுற்றுவார்களாம். வீடியோ நின்றுபோனால் திரையில் ஒரு வட்டம் சுற்றுமே, அது. அவளுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பஃபரிங்’. சாப்பாட்டு நேரத்தில் அவளைப் போலவே ஒருத்தி திக்கித் திக்கிப் பேசிக்காட்ட, மற்றவர்கள் சிரிப்பார்கள். அதனால் அவள் வகுப்பில் பேசுவதையே நிறுத்திவிட்டாள். யார் அந்த ஒருத்தி என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே, அதே வகுப்பில் படிக்கும் என் மகளின் பெயரைச் சொன்னாள்.

பொய் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை நினைவுக்கு வந்தது. நாங்கள் ‘வாலு’ என்று கூப்பிடும் எங்கள் ஒரே மகள் யாரைப் போலவும் பேசிக்காட்டுவாள். தலைமையாசிரியை மாதிரி, கணக்கு சார் மாதிரி, மாடி வீட்டுக்காரர் மாதிரி. நானும் அவள் அப்பாவும் விழுந்து விழுந்து சிரிப்போம். கைதட்டி வளர்த்தது நாங்கள்தான்.

அந்தப் பிள்ளை இரண்டு விஷயம் கேட்டாள். அடுத்த வருடம் இருவரும் ஒரே பிரிவில் இருக்கக் கூடாது; இருந்தால் பள்ளிக்கே வர மாட்டாள். அவள் சொன்னது என் மகளுக்குத் தெரியவும் கூடாது.

“நீ வேணும்னா வேற செக்‌ஷனுக்குப் போறியாம்மா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“நா… நான் ஏன் மேடம் மாறணும்?”

நியாயம்தானே. அவளோடு பேசுகிற ஒரே தோழியும் அதே ஏ பிரிவில்தான் இருக்கிறாள். வாக்குக் கொடுத்து அனுப்பினேன்.

அன்றிலிருந்து மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். மகளுக்குத் தலை வாரிவிடும்போதெல்லாம் கேள்வி தொண்டைவரை வரும், விழுங்கிவிடுவேன். “என்ன, அம்மாவுக்கும் பொண்ணுக்கும் சண்டையா?” என்று வீட்டுக்காரர் இரண்டு முறை கேட்டார். அவரிடமும் மூச்சு விடவில்லை. விட்டால் அன்று சாயங்காலமே விசாரணைக் கமிஷன் வைத்துவிடுவார். இதற்கு நடுவில் நேற்று அந்தப் பிள்ளையின் அப்பா பள்ளி அலுவலகத்துக்கு போன் செய்து, டி.சி. வாங்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

இன்று மதியத்துக்குள் பிரிவுப் பட்டியல் முடிவாகிவிடும். அறையை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஏறினேன். மகளும் என்னோடு வந்திருந்தாள். புதுப் புத்தகம் வாங்கக் கீழே வரிசையில் நின்றிருந்தாள்.

பட்டியல் போடுவது கணக்கு சார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடிக்கொண்டிருந்தார். என் மகளை பி பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்றதும் தேடுவதை நிறுத்தினார்.

“ஊரே வந்து என் பிள்ளைய ஏ-ல போடுங்கன்னு கால்ல விழாத குறையா நிக்குது. நீங்க என்னடான்னா உங்க பொண்ண ஏ-ல இருந்து தூக்குங்கங்கிறீங்க!”

“அவளுக்கு அங்க சேர்க்கை ஜாஸ்தி சார். எப்பப் பாரு அரட்டை.”

“போன பரீட்சையில மூணாவது வந்தாளே?”

“முதலாவது வரட்டுமேன்னுதான்.”

நம்பினாரோ இல்லையோ, பென்சிலை எடுத்தார். எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் அவருக்குக் கருணை பொங்கியது.

“தனியா போனா பாவம், ஏங்கிப் போயிடுவா. கூட ஒருத்திய அனுப்பறேன். இதோ, இந்தப் பொண்ணு வாயில்லாப் பூச்சி. எங்க போட்டாலும் எதிர்த்துப் பேச மாட்டா.” பென்சில் நின்ற இடத்தைப் பார்த்தேன். அந்தப் பிள்ளையின் பெயர்.

“அவ வேண்டாம் சார்!”

குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. அவர் நிமிர்ந்து என் முகத்தையும், பட்டியலில் இருந்த பெயரையும், மறுபடி என் முகத்தையும் பார்த்தார்.

“ஏன், அவங்களுக்குள்ள ஏதாவது…?”

“சேர்க்கையப் பிரிக்கத்தான சார் மாத்தறோம்? கூட ஆள அனுப்பினா அப்புறம் எதுக்கு மாத்தணும்?” சிரிக்க முயன்றேன். “அவ தனியாவே போகட்டும்.”

அவர் உடனே எழுதவில்லை. பென்சிலால் மேசையில் தட்டிக்கொண்டே இருந்தார். கேள்வி இன்னும் ஒன்று வந்தால் என்னிடம் பதில் கிடையாது. கடைசியில், “உங்க பொண்ணு, உங்க பாடு” என்று என் மகளின் பெயரை பி-க்கு மாற்றினார். அந்தப் பிள்ளை ஏ-யிலேயே இருந்தாள். படி இறங்கி என் அறைக்கு வந்தேன்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. கதவு படாரென்று திறந்தது.

“என்னை பி-ல போடச் சொன்னது நீயாம்மா?” புத்தகக் கட்டோடு மகள் நின்றிருந்தாள். “கணக்கு சார் எல்லார் முன்னாடியும் சொல்லிச் சிரிக்கிறாரு, உங்கம்மாவே உன்னைத் தள்ளிவிட்டுட்டாங்கன்னு.”

அந்த மனிதரின் வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டால் தேவலை. “உன் நல்லதுக்குத்தான்டா. மார்க்கு…”

“மார்க்குன்னு சொல்லாத! மூணாவது வந்தப்ப நீதான கேக் வாங்கிக் குடுத்த?” கட்டை மேசையில் போட்டாள். பிறகு அவள் குரல் இறங்கியது. “யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“எதப் பத்தி?”

“பஃபரிங் சொன்னாளா?”

“அது யாரு?”

பிள்ளைகள் எதைச் சொன்னாலும் திடுக்கிடாமல் இருக்க என் முகத்தைப் பழக்கி வைத்திருக்கிறேன். அந்த முகத்தை வீட்டு ஆளிடம் காட்டியது இன்றுதான். ஆனால் இவள் முகம் பார்த்தே பிழைக்கிறவள். ஒரு புருவ அசைவை வைத்து ஒரு ஆளையே செய்துகாட்டுவாள். என்னை அசையாமல் பார்த்தாள். அவள் கண்டுபிடித்துவிட்டால் திங்கட்கிழமை அந்தப் பிள்ளையின் கதி என்ன? துணியை எடுத்து, துடைத்த மேசையையே மறுபடி துடைத்தேன்.

அவள் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். போய்த் தொலைந்தாள் என்று மூச்சு விடுவதற்குள் கதவு தட்டப்பட்டது.

“உள்ள வரலாமா மேடம்?”

பள்ளிக்குள் என்னை மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது எங்களுக்குள் இருக்கும் ஒப்பந்தம். அவள் அதைக் கிண்டலாகத்தான் சொல்வாள். இன்று அந்தக் குரலில் கிண்டல் இல்லை. சொந்தப் பிள்ளையை இந்த அறையில் உட்காரவைத்துக் கேட்கக் கூடாது, வேறொருவரிடம் அனுப்ப வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

“வாம்மா” என்றேன்.

மூலை நாற்காலியில் உட்கார்ந்தாள். “இங்க சொல்றது வெளிய போகாதுல்ல?”

“யார் உயிருக்காவது ஆபத்துன்னா சொல்வேன். இல்லன்னா போகாது.”

“எங்கம்மாவுக்கும்?”

“அம்மாவுக்கும் போகாது.”

சொன்னாள். விரலைச் சுற்றியது, பேசிக்காட்டியது, பெயர் வைத்ததே அவள்தான் என்பது. அந்தப் பிள்ளை சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. விடுமுறை முழுக்க இதைக் கேட்கத்தான் தவித்தேன். இப்போது இவள் வாயைப் பொத்திவிடலாம் போல இருந்தது.

“இன்னும் ஒண்ணு இருக்கு மேடம். ஒரு நாள் அவ அழுதுகிட்டே, கவுன்சிலிங் மேடம்கிட்ட சொல்லிடுவேன்னா.” நகத்தைக் கடித்தாள். “போய்ச் சொல்லு, அது எங்கம்மா, யார நம்புறாங்கன்னு பாப்போம்னு சொன்னேன்.”

இதை அந்தப் பிள்ளை என்னிடம் சொல்லவே இல்லை. இதைக் கேட்ட பிறகும் தனியாக வந்து என் கதவைத் தட்டியிருக்கிறாள். நானோ அவளைப் பொய்க்காரி என்று நினைத்தேன். அந்த நிமிடத்தில் எனக்கு இரண்டு பிள்ளைகளின் முகத்தையும் பார்க்கத் தகுதியில்லை என்று பட்டது.

“அவ வந்தாளா?” கண் நிறைந்து வழிந்தது. “நீங்க யார நம்புனீங்க?”

என் மகள் அழுகிறாள். ஒரே ஒரு பதிலுக்காக அழுகிறாள். அதைச் சொன்னால் நான் கொடுத்த வாக்கு போச்சு.

“இந்த ரூமுக்கு யார் வந்தாங்க, யார் வரலங்கறத நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நீ வந்ததையும் சொல்ல மாட்டேன். இப்ப இதையெல்லாம் செஞ்சேன்னு எங்கிட்ட சொல்றது நீ.” குரல் உடையாமல் பார்த்துக்கொண்டேன். “நான் உன்னை நம்புறேன்.”

இந்த நாற்காலியில் உட்கார்ந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். கேட்டதும் அவர்கள் தோள் தளரும், பெருமூச்சு விடுவார்கள். என் மகள் அடி வாங்கியவள் போல இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.