இருபது இழுப்பு

விடிந்தும் விடியாததுமாகக் குழியின் விளிம்பில் நின்று சட்டையைக் கழற்றினோம். 2005 ஐப்பசி மழை எங்கள் சுண்ணாம்புக்கல் குழியை ஏரியாக்கிவிட்டிருந்தது. தண்ணீரை இறைத்தால்தான் கல் வெட்டலாம். இறைக்கிற மோட்டாரின் குழாய் வாயிலோ நாளுக்கு நாலு தடவை சேறும் கருவை முள்ளும் அடைத்துக்கொள்ளும். நியாயமான முதலாளியாக இருந்தால் குழாயைச் சங்கிலி மாட்டி மேலே தூக்கிச் சுத்தம் செய்யச் சொல்வான். அதற்கு அரை நாள் ஆகும். எங்கள் முதலாளிக்கு மனிதனை இறக்குவது சுலபமாக இருந்தது.

மூன்று ஆள் ஆழம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத வெள்ளைத் தண்ணீர். மோட்டாரை நிறுத்திய கையோடு மூழ்கி, தடவித் தடவி முள்ளைப் பிய்க்க வேண்டும். காது குத்தும், விரல் கிழியும்.

இறங்குவதற்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது. இருபது இழுப்பு என்போம். நாய் இரைப்பதுபோல் இருபது தடவை மூச்சை வேகமாக இழுத்து விட வேண்டும். கரையில் நிற்பவன் கை தட்டி எண்ணுவான். தலை கிறுகிறுத்தால் நெஞ்சு நிறையக் காற்று ஏறிவிட்டதென்று நம்பினோம். அப்படி இறங்கினால் வெகுநேரம் மூச்சு முட்டாது, நிஜம்தான். யார் அதிக நேரம் அடியில் இருக்கிறான் என்று பந்தயம்கூடக் கட்டியிருக்கிறோம். முட்டாள்கள் நாங்கள்.

அன்றைக்கு எண்ணியவன் நான்.

சாமிக்கண்ணு அண்ணன் ஏற்கெனவே மூன்று முறை மூழ்கி எழுந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. மேனேஜர் அரங்கநாதன் குடை பிடித்து நின்றார்.

“கொஞ்சம் உக்காந்துட்டு எறங்குறேன் சார்.”

“லாரி வரிசையா நிக்குது. நீ உக்காந்தா எல்லாமே உக்காந்துடும். இந்தத் தடவ ஒரே மூச்சுல முடிச்சிடு.”

அவருக்கு உதவுவதாக நினைத்து நான் முப்பது வரை எண்ணினேன்.

இறங்கினார். தத்தளிப்பு இல்லை, ஒரு கைகூட மேலே வரவில்லை. அண்ணன் தம் பிடிப்பதில் கெட்டிக்காரர் என்று பீடியை இழுத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பீடிக்காக என்னை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. சந்தேகம் வந்து குதித்துத் தடவியபோது குழாயடியில் தூங்குகிறவர்போலக் கிடந்தார். பிய்த்த முள் கையிலேயே இருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் சசிகலா என்னைத் தனியே உட்காரவைத்துக் கேட்டார். இருபது இழுப்பைச் சொன்னேன்.

“வேகமா இழுத்தா காத்து கூடுதலா சேராதுப்பா. உள்ள கெட்ட காத்து சேரும்போதுதான் மூச்சு முட்டும், மேல வான்னு உடம்பு சொல்லும். அந்தக் காத்த நீங்க முன்னாடியே ஊதித் தள்ளிடுறீங்க. அதனால முட்டாது. ஆனா மூளைக்கு நல்ல காத்து தீந்து போயி, ஒரு அறிகுறியும் இல்லாம மயங்கிடுவாங்க. நல்லா நீச்சல் தெரிஞ்சவங்கதான் இப்படிப் போறாங்க. இனிமே யாரும் அப்படி இழுக்காதீங்க. ஓய்வில்லாம அடுத்தடுத்து மூழ்கக் கூடாது. எறங்குனவரையே ஒருத்தர் கண்ணெடுக்காம பாத்துக்கிட்டு இருக்கணும்.”

இதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு பிணம் தேவைப்பட்டது.

அடக்கம் முடிந்த அன்றே அரங்கநாதன் ஒரு தாளோடு வந்தார். சாமிக்கண்ணு குடித்துவிட்டுக் குளிக்கப் போய் இறந்தார் என்று எழுதியிருந்தது. குழியில் வேலை செய்த பதினொரு பேரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். அந்தப் பதினொரு பேரில் அண்ணனின் மனைவி கொளஞ்சியம்மாளும் ஒருவர்.

“அவரு நீராகாரம் குடிச்சிட்டுத்தான் வந்தாரு. அத எழுதிக்கிட்டு வாங்க, போடுறேன்,” என்றார் அண்ணி.

யாரும் போடவில்லை. வேலையில்தான் செத்தார் என்று எழுத வேண்டும், குழாயைத் தூக்கச் சங்கிலி வரும்வரை ஒருவரும் இறங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டோம்.

“நீங்க இல்லன்னா வேற ஆளு எறங்குவான்,” என்றார் அரங்கநாதன்.

சொன்னபடியே மறுநாள் விடியும்போது ஆண்டிமடம் பக்கமிருந்து நான்கு பேரை லாரியில் கொண்டுவந்தார். வேலையில்லாத முந்திரிக்காட்டுக் கூலிகள். மணிமாறன் என்பவன் சட்டையைக் கழற்றிவிட்டு விளிம்புக்கு வந்தான். எங்கள் ஆட்கள் அவர்கள்மேல் எறியக் கல்லை எடுத்தார்கள். நானும் எடுத்தேன். அப்போது அவன் வேக வேகமாக மூச்சை இழுக்க ஆரம்பித்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கல்லைப் போட்டுவிட்டு ஓடி அவன் தோளைப் பிடித்தேன்.

“நிறுத்துய்யா. நாந்தான் இதே மாதிரி எண்ணி அவர அனுப்புனேன். நாந்தான் பொணமா மேல தூக்கியாந்தேன்.” டாக்டர் சொன்னதையெல்லாம் மூச்சுவிடாமல் அவனிடம் கொட்டினேன்.

“கதை கேக்கவா வந்த? எறங்குடா,” என்றார் அரங்கநாதன்.

அண்ணி மெல்ல நடந்து வந்தார்.

“எறங்குறதுன்னா எறங்கு தம்பி. உன் சம்சாரம் எந்த ஊர்ல இருக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போ. சேதி சொல்ல நாந்தான் போவணும்.”

மணிமாறன் மேனேஜரைப் பார்த்தான். “ஆளு எறங்காம குழாயத் தூக்க முடியாதா சார்?”

“முடியும். அரை நாளு ஆவும்,” என்றேன் நான்.

மணிமாறன் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். அண்ணி நகர்ந்து இடம் கொடுக்க, நான்கு பேரும் எங்களோடு தரையில் உட்கார்ந்தார்கள்.

அரங்கநாதன் போலீசுக்குப் போன் போட்டார். வரட்டும். பதினைந்து பேரும் உட்கார்ந்தே இருந்தோம், குழியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.