ரஃப்சஞ்சான் சாலையில் மட்டும்

ஈராஜின் பழைய வெள்ளைக் கார் யஸ்த் நகருக்குள் ஒரு நாளும் சூடானதில்லை. டைல்ஸ் கடைக்குப் போகும், வரும், உச்சி வெயிலில் சந்தை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து நிற்கும். டெம்பரேச்சர் முள் பாதிக்கு மேல் ஏறாது. ரஃப்சஞ்சானில் இருக்கும் மாமியார் வீட்டுக்குக் கிளம்பினால்தான் வம்பு. மெஹ்ரீஸைத் தாண்டி, நேர்ச் சாலையில் கொஞ்சம் வேகம் பிடித்ததும், முள் எழுந்து சிவப்பைப் பார்த்துப் போக ஆரம்பிக்கும்.

முதல் தடவை அவன் மனைவி ஃபரங்கிஸ் பயந்துபோனாள். அடுத்த தடவை எரிச்சல் வந்தது. அதற்கடுத்த தடவை நடுக்கோடை. எஞ்சின் சூட்டை வெளியே இழுக்கட்டும் என்று ஈராஜ் ஹீட்டரைப் போட்டுவிட்டு, நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டான். காலடியில் யாரோ அடுப்பு மூட்டியதுபோல் இருந்தது. வழிக்கு நறுக்கி வைத்திருந்த வெள்ளரிக்காய் டப்பாவுக்குள்ளேயே வெந்துவிட்டது. அப்படியும் முள் இறங்கவில்லை. திரும்பி வந்துவிட்டார்கள்.

வீட்டுக்குள் நுழையும்போதே ரஃப்சஞ்சானிலிருந்து அவள் அண்ணன் பர்விஸின் போன்.

"எங்க வந்துட்டிருக்கீங்க?"

"வீட்ல இருக்கோம் அண்ணா. கார் சூடாயிடுச்சு."

"மறுபடியுமா? கடைக்குப் போனா சூடாகல, சந்தைக்குப் போனா சூடாகல. எங்க ஊருப் பேரைக் கேட்டாத்தான் அதுக்குக் காய்ச்சல் வருதா?"

அதே கேள்வி அவளுக்குள்ளும் இருந்தது.

காரணம் உண்டு. பர்விஸுக்குப் பிஸ்தாத் தோட்டம். ஒவ்வொரு தடவை போகும்போதும் மாப்பிள்ளையின் தோளில் கையைப் போட்டு, "அந்த டைல்ஸ் கடையில என்ன இருக்கு? இங்க வந்துடு, காயப்போடுற களத்தை நீ பாத்துக்க" என்பான். ஈராஜ் சரி என்றும் சொல்லமாட்டான், முடியாது என்றும் சொல்லமாட்டான். கற்கண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு தேநீர் குடிப்பான். அந்த மனுஷனுடைய கார் அந்த ஒரு சாலையில் மட்டும் சூடானால் என்ன நினைப்பது? வேண்டுமென்றே ஏதாவது செய்கிறானா? ஆனால் முள் ஏறியதை அவளே கண்ணால் பார்த்தாளே. கண்ணை நம்புவதா, கணக்கை நம்புவதா என்று தெரியவில்லை.

ஈராஜ் காரை மெக்கானிக் உஸ்தா ஹபீபின் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டான். ஹபீப் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். மெஹ்ரீஸைத் தாண்டியதும் சூடானது. ரேடியேட்டரைக் கழற்றி, துருவெல்லாம் கழுவிப் போட்டார். சூடானது. வாட்டர் பம்பைப் பார்த்தார், ஃபேன் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், ஹெட் கேஸ்கட் போயிருக்குமோ என்று தண்ணீரில் குமிழ் வருகிறதா பார்த்தார். ஒன்றும் இல்லை. தானே எடுத்துக்கொண்டு ஊரை நாலு சுற்று சுற்றிவிட்டு வந்து சாவியை நீட்டினார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. என்கிட்ட சூடாகல. வீட்ல ஏதாச்சும் சண்டையா?"

"காருக்கும் வீட்டுக்கும் என்ன உஸ்தா சம்பந்தம்?"

"எனக்கென்ன தெரியும்? எஞ்சின்ல ஒண்ணும் இல்ல. வேற எங்கன்னு தேடுறது?"

அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஈராஜ் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒருவேளை நான்தான் ஏதாவது தப்பா ஓட்டுறேனோ?" என்றான். நடிப்பதுபோல் தெரியவில்லை. அதுதான் அவளை இன்னும் குழப்பியது.

அடுத்த வாரம் பர்விஸ் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்து இறங்கினான்.

"கிளம்புங்க ரெண்டு பேரும். நான் ஓட்டுறேன். இன்னிக்குச் சூடாகுதான்னு பாத்துடுவோம்."

ஈராஜ் சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஃபரங்கிஸ் பின் சீட்டில். மெஹ்ரீஸ் வரை பர்விஸ் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான். "காய்ச்சல் எங்க மாப்பிள்ளை? தொட்டுப் பாரு, ஜில்லுன்னு இருக்கு" என்று டேஷ்போர்டைத் தட்டினான். சாலை விரிந்தது. வேகம் பிடித்தான். பாட்டு நின்றது.

முள் எழுந்துகொண்டிருந்தது.

"நீ எதையாவது அமுக்கினியா?"

"என் கை ரெண்டும் மடியில இருக்கு மச்சான்."

பர்விஸ் திரும்பித் தங்கையைப் பார்த்தான், அவள் செய்திருப்பாளோ என்பதுபோல. அவளும் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள்.

சாலையோரம் நிறுத்தினான். எப்போதும் வண்டி நின்றதும் ஈராஜ் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டுத்தான் இறங்கிப் போய் பானட்டைத் திறப்பான். இன்று சாவி அவன் கையில் இல்லை. அவன் இறங்கிப் பானட்டைத் தூக்கினான். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பர்விஸ் ஸ்டியரிங்கை விடவில்லை. ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினான்.

"எஞ்சின் நல்லாத்தான் ஓடுது! காதுல கேளு!" என்று ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்தான்.

"கொதிக்கிற எஞ்சினை முறுக்காதீங்க மச்சான்!"

சொல்லிக்கொண்டே குனிந்த ஈராஜ் அப்படியே நின்றான். ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர் ஹோஸ், அவன் கண்முன்னே சப்பையாக ஒட்டிக்கொண்டது. பர்விஸ் காலை எடுத்ததும் பழையபடி உருண்டு நின்றது.

"ஃபரங்கிஸ், இங்க வா. மச்சான், இன்னொரு தடவ மிதிங்க."

"இப்பதானே மிதிக்காதேன்ன?"

"ஒரே ஒரு தடவ!"

மிதித்தான். ஹோஸ் மறுபடி ஒட்டிக்கொண்டது, மாதுளம்பழத்தை உறிஞ்சுகிறவன் கன்னம் உள்ளே போவதுபோல. ஃபரங்கிஸ் கணவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான்.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்றாள்.

"தெரியல."

எஞ்சினை அணைத்தார்கள். பர்விஸும் வந்து எட்டிப் பார்த்தான். ஹோஸ் ஒன்றும் அறியாததுபோல் உருண்டையாக இருந்தது. "எங்கே? நல்லாத்தானே இருக்கு!" என்றான். பிறகு ஈராஜ் சாவியைத் திருப்பி ஒரு தடவை மிதிக்க, பர்விஸ் அதைப் பார்த்துவிட்டு மண்ணில் குந்தினான்.

சூடு தணியும்வரை லாரிகள் வீசிவிட்டுப் போன புழுதியில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சூட்டினால் ஹோஸ் இளகுகிறதா, ஹோஸ் இளகுவதால் சூடா? ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் ஈராஜ் கிளாம்பைத் தளர்த்தி ஹோஸை உருவினான். கீழே கவிழ்த்துத் தட்டினான். துருப்பிடித்த கம்பித் துண்டுகள் கொட்டின.

"உள்ள ஸ்பிரிங் இருந்திருக்கு," என்றான் மெதுவாக. "ஹோஸ் ஒட்டிக்காம தாங்கிப் பிடிக்க. அது இத்துப்போச்சு. வேகமாப் போனா பம்ப் பலமா உறிஞ்சுது, வழி அடைச்சுக்குது, தண்ணி ஓடல. டவுன்ல நாம வேகமாவே போறதில்லையே."

"நின்னதும் சரியாயிடுது," என்றாள் ஃபரங்கிஸ்.

"நின்னப்புறம்தானே எல்லாரும் பாத்தோம்."

ஹோஸை மாட்டித் தண்ணீர் ஊற்றி, கழுதை வண்டி வேகத்தில் அனார் வரை உருட்டிக்கொண்டு போனார்கள். அங்கே உள்ளே ஸ்பிரிங் வைத்த புது ஹோஸ் கிடைத்தது. அதற்குப் பிறகு ஈராஜே ஓட்டினான். பர்விஸ் பின் சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். எத்தனை வேகம் போனாலும் முள் பாதியிலேயே நின்றது.

முன் சீட்டுக்கு வந்திருந்த ஃபரங்கிஸ் கொஞ்ச தூரம் முள்ளையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சந்தோஷமா இல்லையா?"

"இருக்கு." கொஞ்சம் போய், "முள்ளு ஏறும்போதெல்லாம் உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி வரும் ஃபரங்கிஸ். இன்னிக்குப் போகவேண்டாம்னு. அதனால நானே ஏதோ பண்றேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு" என்றான்.

அவளுக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று புரியவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. அவள் சந்தேகமும் முழுப் பொய் இல்லை. ஒரு வெள்ளரித் துண்டில் உப்புத் தொட்டு அவன் வாயில் வைத்தாள்.

ரஃப்சஞ்சான் வீட்டு வாசலில் அவள் அம்மா, கண்ணேறு கழிக்கச் சாம்பிராணிபோல் எஸ்ஃபந்த் விதை புகைய நின்றுகொண்டிருந்தாள். "காலையில கிளம்பினவங்க இப்பதான் வர்றீங்களா? கார் சூடாச்சா?"

"சூடாச்சு அம்மா," என்றான் பர்விஸ். "ரப்பர் ஹோஸ். உள்ளுக்குள்ள ஒட்டிக்குது." கன்னத்தை உறிஞ்சிக் காட்டினான்.

அம்மா மகனை மேலும் கீழும் பார்த்தாள். "நீயும் அவங்ககூட சேந்துட்டியா?"

அவன் எவ்வளவு சொல்லியும் அவள் நம்பவில்லை. பெரிய கார், இத்தனூண்டு ரப்பருக்கு நிற்குமா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு பர்விஸ் வழக்கம்போல் ஈராஜின் தோளில் கையைப் போட்டான். "மாப்பிள்ளை, அந்தக் களம்..."

ஈராஜ் தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்தான். "வரல மச்சான். எனக்குக் கடைதான் பிடிச்சிருக்கு."

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொல்லியிருக்கலாம்தான். ஏன் சொல்லலைன்னு எனக்கே தெரியல."

பர்விஸுக்குக் கையை எடுக்கவும் மனமில்லை, வைத்திருக்கவும் பிடிக்கவில்லை. தங்கையைப் பார்த்தான். அவள் எழுந்து எல்லாருக்கும் இன்னொரு சுற்றுத் தேநீர் ஊற்றப் போனாள்.